கப்பல் ஏறிய ஊரில் தேடாதீர்கள்: கார்ன்வால் மூதாதையரைத் தேடிய ஏழு வருட அனுபவம்

2018-இல் என் மாமியார் வீட்டு அலமாரியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பைபிள் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஓர் ஆணின் பெயர், அதன் கீழே மங்கிய மையில் ‘குவென்னாப், கார்ன்வால்’. அவ்வளவுதான். கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் சுரங்கங்களுக்குப் பேர்போன பகுதி, குவென்னாப் அங்கே ஓர் ஊர். மாமியார் ஆஸ்திரேலியர், மெல்போர்னிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தப் பெயரைப் பற்றி அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒரே வரி: தங்கம் தேடி 1852-இல் நேரே மெல்போர்னில் வந்து இறங்கியவர். அப்பா, பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் அவர் மாமியாருக்கு ஓட்டன் முறை. இந்த உறவுக்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஏழு வருடம் இந்தத் தேடலில் இருக்கிறேன். எந்தத் தளம் கைகொடுத்தது, எங்கே நேரம் வீணானது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மூன்று வருடம் நான் செய்தது ஒரே தவறு. இங்கிலாந்தை விட்டுப் போனவரை இங்கிலாந்தில் தேடினேன். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிநாடு போனவர்களின் கப்பல் பட்டியல் 1890-லிருந்து 1960 வரைதான் வரிசையாக இருக்கிறது. அதற்கு முன் போனவர்களை வரவேற்ற குடியேற்றங்கள்தான் (அன்றைய பிரிட்டிஷ் காலனிகள்) எழுதி வைத்தன, அதுவும் அரசுச் செலவில் வந்தவர்கள் என்றால் இன்னும் விரிவாக. குற்றவாளி என்று நாடு கடத்தப்பட்டவருக்கு உயரம், மச்சம், பச்சை குத்திய இடம் வரை பதிவு உண்டு. காசு கொடுத்துத் தானே வந்தவருக்குப் பல நேரம் பெயர் மட்டும்தான்.

அடுத்த இழப்பு, அடுத்தவர் போட்ட வம்சாவளி. ஒரு சந்தாத் தளத்தில் எங்கள் ஆளின் பெயரோடு பதினொரு குடும்பங்களின் வம்சாவளி இருந்தது. எல்லாவற்றிலும் 1852-இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்ன் வந்த கப்பல். வீட்டுக் கதையோடு பொருந்தியதால் நானும் எடுத்துக்கொண்டேன். ஒருவர் போட்டதை மற்றவர்கள் நகலெடுத்திருந்தார்கள் என்று தெரியப் பதினான்கு மாதம் ஆனது. கார்ன்வாலில் ஒரே பேரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்டவர்கள் ஒரு தேவாலயப் பங்கிலேயே (பாரிஷ்) ஐந்தாறு பேர் இருப்பார்கள். அந்தக் கப்பலில் வந்தவர் கல்யாணமாகாத வேறொருவர்.

முடிச்சை அவிழ்த்தது மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநில இறப்புச் சான்றிதழ். 1853-இல் அங்கே பதிவு தொடங்கியபோதே படிவத்தை அருமையாக வடிவமைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயரே இருக்காது. இதில் பெற்றோர், பிறந்த ஊர், எங்கே எந்த வயதில் யாரோடு கல்யாணம், பிள்ளைகள் வயதோடு, இறந்த பிள்ளைகள் உட்பட எல்லாம் உண்டு. ஓட்டன் 1883-இல் சுரங்கத் தொழிலாளிகளைத் தின்ற காசநோயில் இறந்திருக்கிறார். ‘குடியேற்றங்களில் எத்தனை காலம், எவற்றில்’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: தெற்கு ஆஸ்திரேலியா 3 வருடம், விக்டோரியா 31 வருடம். கணக்குப் போட்டால் 1849. அவர் மெல்போர்னில் இறங்கவே இல்லை! அந்த ஒரு வரியைக் காண எனக்கு மூன்று வருடம் ஆனது. மூதாதையர் விக்டோரியாவில் இறந்திருந்தால் முதல் செலவாக இதை வாங்குங்கள். தகவல் சொன்னவர் யார் என்றும் பாருங்கள். எங்களுக்குச் சொன்னது மருமகன், அதனால் ஓட்டனின் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நிலம் விற்ற பணத்தில் தொழிலாளிகளுக்கு இலவசப் பயணம் கொடுத்த குடியேற்றம் தெற்கு ஆஸ்திரேலியா. 1845-இல் பர்ராவில் தாமிரச் சுரங்கம் திறந்தபின் கார்ன்வால்காரர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். அதன் தலைநகர் அடிலெய்டுக்கு வந்த கப்பல்களின் பட்டியலில், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் ஏறிய ஒரு குடும்பம்: கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். மூத்த பெண் பிள்ளையின் பெயருக்கு எதிரே, வழியில் இறந்தது என்று குறிப்பு. வயது ஐந்து. இறப்புச் சான்றிதழில் பிள்ளைகள் வரிசையில் முதலில் இருந்த பெயரும் அதுதான். மாமியாரின் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு குழந்தை இருந்ததே தெரியாது. அந்தப் பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பைபிளின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினார்.

1852-இல் தங்கச் செய்தி கேட்டு பர்ராவே காலியானது. எங்கள் குடும்பமும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த பென்டிகோ பக்கம் போனது அப்போதுதான். வீட்டுக் கதையில் வருடம் சரி, ஊர்தான் தப்பு. தேடும்போது பழைய ஊர்ப் பெயரைப் போட மறக்காதீர்கள். 1891 வரை பென்டிகோவின் பெயர் சாண்ட்ஹர்ஸ்ட், பர்ராவில் குடியிருப்பின் பெயர் கூரிங்கா.

இலவசத் தளங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ். பழைய செய்தித்தாள்கள் ஏராளமாக இருக்கின்றன. கணினி தப்பாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்தலாம், நானும் தினம் பத்து வரி திருத்துகிறேன். இறப்புச் செய்தியின் கடைசியில் ‘கார்ன்வால் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்’ என்று இருந்தால் அதைத் தங்கமாக மதியுங்கள். சொந்த ஊரில் அப்போதும் உறவு இருந்தது என்று அர்த்தம்.

இங்கிலாந்துப் பக்கம் ஃப்ரீபிஎம்டி (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளின் அட்டவணை), கார்ன்வாலின் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் தளம் (பங்குப் பதிவேடுகள்), இரண்டும் தன்னார்வலர்கள் உழைப்பு. அரசின் சிவில் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது, அதற்கு முன்னால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளே கதி. 1841 சென்சஸில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 21 வயது ஓட்டன் அதில் 20 என்று இருந்ததால் வேறு ஆள் என்று முதலில் தள்ளிவிட்டேன். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் இலவசம்தான். சில ஆவணப் படங்களை மட்டும் அவர்கள் மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்க முடியும்.

டிஎன்ஏ பரிசோதனையும் செய்தோம். அமெரிக்காவில் மிச்சிகன் தாமிரச் சுரங்கப் பகுதியில் ஓர் உறவு பொருந்தியது. இத்தனை தலைமுறை தள்ளிய உறவில் பொருத்தம் வராமலே போகலாம், அதனால் ஆவணத்துக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மாமியாரை பர்ராவுக்குக் கூட்டிப்போனோம். 1851-இல் 1,800 பேர் வரை ஓடைக் கரையைக் குடைந்து குடியிருந்த ஊர் அது. இன்று இரண்டு குகை வீடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குனிந்துதான் போக முடிந்தது.

இப்போது ஓட்டனின் மனைவியுடைய பிறந்த வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குவென்னாப் கல்யாணப் பதிவேட்டில் நம்மூர்க் கைநாட்டு மாதிரி ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். எழுதத் தெரியாததால் அவர் குடும்பப் பெயரை எழுதினவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். இதுவரை மூன்று விதம் கண்டிருக்கிறேன், மூன்றையும் போட்டுத் தேடுகிறேன்.