முந்திரிப் பருப்பை இணையத்தில் மொத்தமாக விற்கிறவர்கள் கவனத்துக்கு: என் 2,34,000 ரூபாய் போன கதை

சொந்தத் தோப்புக் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கி விற்கிற விவசாயிகள், வீட்டோடு சேர்த்துச் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். ஒரு மொத்த வியாபார இணையதளம் வழியாக வந்த ஆர்டருக்கு 400 கிலோ முழுப்பருப்பை அனுப்பினேன். 2,34,000 ரூபாய் வர வேண்டும். வரவில்லை. இன்று காலை அந்தத் தளத்திலிருந்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பணமும் வரவில்லை, என்னைக் கூப்பிட்டு யாரும் பேசவும் இல்லை. புகாரை மட்டும் மூடிவிட்டார்கள். அதைப் பார்த்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் சொன்னதால் தளத்தின் பெயரையும் வாங்கியவர் பெயரையும் போடவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் தோப்பு பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது மாமனார் காலத்து மரங்கள் பெரும்பாலும் வேரோடு சாய்ந்துவிட்டன. கடலூர் மாவட்டத்தில் முந்திரி வைத்திருந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்லும். அதன் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலைய ரகமான வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்றுகளை ஏழு மீட்டருக்கு ஒன்றாக, ஏக்கருக்கு 80 என்று வைத்தோம். காய்ப்புக்கு வரும்வரை ஊடுபயிர் போட்டுச் சமாளித்தோம். ஒவ்வொரு வருடமும் துளிர் விடும்போதும் பூ எடுக்கும்போதும் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடித்து, தண்டு துளைப்பான் வந்த மரத்தைச் செதுக்கிச் சுத்தம் பண்ணி, இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருந்தது. கொட்டையாகவே விற்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. அதனால்தான் கடன் வாங்கிப் பட்டறை போட்டோம்.

400 கிலோ பருப்பு என்றால் என்ன என்று போனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. 80 கிலோ மூட்டை ஒன்றை உடைத்தால் எல்லா ரகமும் சேர்ந்து 20 கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு கிடைக்கும். அதிலும் உடையாமல் வெள்ளையாக வருகிற 320 ரகம் (ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கிற அளவு) ஒரு பங்குதான். கொட்டையை வெயிலில் காயவைத்து, ஆவியில் வேகவைத்து, ஒரு ராத்திரி ஆறவிட்டு, கட்டரில் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். ஓட்டு எண்ணெய் பட்டால் கைத்தோல் வெந்து உரியும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் பெண்கள் உட்காருவார்கள். அப்புறம் பருப்பை டிரையரில் காயவைத்து, மேல் தோல் நீக்கி, ரகம் பிரித்து, டின்னில் அடைக்க வேண்டும். எங்கள் தோப்புக் கொட்டை மட்டும் இதற்குப் போதாது. பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் "பருப்பு விற்றதும் தருகிறேன்" என்று சொல்லி வாங்கினோம். அந்தப் 2,34,000 ரூபாயில் அவர்கள் பணமும் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால்தான் பருப்புக்கு நல்ல கிராக்கி இருக்கும். உள்ளூர் வியாபாரி 320 ரகத்துக்குக் கிலோ 660 சொன்னார். அந்த நேரத்தில் இந்தத் தளத்தில் பருப்பு வாங்கக் கேட்டு ஒரு விசாரணை வந்தது. வடக்கே ஒரு பெருநகரத்து மொத்த வியாபாரி, 400 கிலோ வேண்டும், கிலோ 700 ரூபாய். அவர் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி. ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், நடப்பில் இருந்தது. ஒரு கிலோ மாதிரி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். எண்ணிக்கை சரி, நிறம் நன்றாக இருக்கிறது, ஈரம் இல்லை என்று பதில் வந்தது. வீடியோவில் கிடங்கைக் காட்டினார். முன்பணம் 60,000 ரூபாய் கேட்ட அன்றே வந்துவிட்டது. ஒரு வியாபாரியை நம்ப இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், பணம் போனது இந்த இடத்தில்தான். புதுப் பார்ட்டிக்கு வெளியூர்ச் சரக்கு அனுப்பினால் லாரி ரசீதை நம் பேரிலேயே, 'செல்ஃப்' என்று போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பணம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்ட ரசீது போகும். ரசீது கையில் இல்லாமல் அவர்கள் சரக்கை எடுக்க முடியாது. அப்படித்தான் போடப்போகிறேன் என்று அந்தத் தளத்தின் பிரதிநிதியிடம் சொன்னேன். நல்ல தமிழில் பேசுகிற பையன். ஆரம்பத்திலிருந்து என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அது பழைய முறைக்கா. ரசீதை வாங்குறவர் பேர்லயே போடுங்க. மீதிப் பணம் எங்ககிட்டதான் இருக்கு. சரக்கு இறங்கினதும் உங்க கணக்குக்கு வந்துடும். நாங்க எதுக்குக்கா நடுவுல இருக்கோம்?" என்றான்.

மாமனாருக்கு மனசு ஒப்பவில்லை. "ரசீது நம்ம பேர்லயே இருக்கட்டுமேம்மா" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடமே பேசச் சொன்னேன். "ஐயா, உங்க பேரன் மாதிரி நினைச்சுச் சொல்றேன், ஒரு ரூபாய் குறையாது" என்றான் அவரிடம். எழுத்தில் வேண்டும் என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆர்டர் பக்கத்தில் பச்சை எழுத்தில் 'பணம் பாதுகாப்பில் உள்ளது' என்று வந்தது. "இதான்க்கா எழுத்து" என்றான். அதை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் ரசீதை அவர் பேரில் போட்டோம்.

பத்துக் கிலோ டின், மொத்தம் 40 டின். ஒவ்வொரு டின்னின் மூடியிலும் தேதியும் லாட் எண்ணும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். பருப்பு 2,80,000 ரூபாய், வரி ஐந்து சதவீதம் 14,000, ஆக பில் 2,94,000. சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில் போட்டு அனுப்பினோம். முன்பணம் போக மீதி 2,34,000 ரூபாய். சரக்கு போய்ச் சேர்ந்தது. 40 டின்னும் நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்த நகலும் என்னிடம் இருக்கிறது.

பணம் மட்டும் வரவில்லை. கேட்டால் பார்ட்டி வெளியூர், நாளைக்கு, வங்கி விடுமுறை. அப்புறம் திடீரென்று சில படங்கள் வந்தன. பருப்பு சின்னதாக இருக்கிறதாம், 400 எண்ணிக்கைதான் வருகிறதாம், உடைசல் அதிகமாம், ஈரமாம். 320 ரகம் என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு வரை இருக்க வேண்டும். தராசும் பொறுமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். நாங்கள் ஒவ்வொரு லாட்டிலும் எண்ணி, ஈரமானியில் பார்த்துவிட்டுத்தான் டின்னை மூடுவோம். அதைவிட முக்கியம், அவர்கள் அனுப்பிய படத்தில் இருந்த டின் என்னுடையதே இல்லை. மூடியில் என் சீட்டு இல்லை, சீட்டைக் கிழித்த தடமும் இல்லை. வேறு யாருடைய மட்டமான சரக்கையோ காட்டி என் பருப்பைக் குறை சொல்கிறார்கள்.

சரி, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், லாரி வாடகையை நானே தருகிறேன் என்றேன். "சரக்கைப் பிரித்துக் கடைகளுக்குக் கொடுத்தாயிற்று" என்றார்கள். கெட்ட பருப்பு என்றால் கடைகளுக்கு எப்படிக் கொடுத்தார்கள்? கேட்டதற்குப் பதில் இல்லை. அதே லாட்டில் நான் எடுத்து வைத்திருக்கும் மாதிரியை எந்த ஆய்வகத்தில் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்றேன். அதற்கும் பதில் இல்லை. பிறகு ஒரு இடைத்தரகர் பேசினார். ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். பணத்தை முதலில் போடுங்கள் என்றதும், இல்லை, எழுதிக் கொடுத்தால்தான் என்றார். கையெழுத்து வந்ததும் அந்த ஒரு லட்சமும் வராது என்று புரிந்தது. மறுத்துவிட்டேன். அன்றோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

தளத்துக்காரர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னை இன்னும் எரிக்கிறது. முதலில் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அக்கா என்று கூப்பிட்டவன் மேடம் என்றான். "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம், புகார் பதிவு பண்ணுங்க" என்று வைத்துவிட்டான். புகார் பதிந்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் இந்தியில் பேசுவார்கள். தமிழ் தெரிந்தவர் கூப்பிடுவார் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். மறுபடி பதிந்தால் புது எண், மறுபடி முதலிலிருந்து கதை. டின் படங்களை அனுப்பினேன், தெளிவாக இல்லை என்றார்கள். பெரிதாக எடுத்து அனுப்பினேன், வாங்கியவர் தரப்பை விசாரிக்கிறோம் என்றார்கள். அந்த விசாரணை என்ன ஆனது என்று யாரும் சொல்லவே இல்லை.

கடைசியில் ஒரு மேலதிகாரி பேசினார். 'பணம் பாதுகாப்பில் உள்ளது' என்றால் அந்த 60,000 ரூபாய் முன்பணத்தைத்தான் குறிக்குமாம். மீதி 2,34,000 ரூபாய் அவர்களிடம் எப்போதுமே வந்ததில்லையாம். அது வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ள வேண்டியதாம், நிபந்தனைகளில் இருக்கிறதாம். அப்படியானால் மீதிப் பணம் எங்ககிட்டதான் இருக்கு என்று உங்கள் ஆள் என் மாமனாரிடம் சொன்னானே, அது என்ன? "வாய்மொழியாகச் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். எண்பது வயதை நெருங்கும் மனிதரிடம் பேரன் என்று சொல்லி ரசீதை மாற்ற வைத்தது வெறும் வாய்மொழியா?

காவல் நிலையத்தில் இது வியாபாரத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். எழுதி வாங்கிக்கொள்ளவே மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் 14,000 ரூபாய் வரியை நான் கட்டிவிட்டேன். பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டித்தான் ஆக வேண்டும். உடைத்தவர்களுக்கும் தோல் நீக்கியவர்களுக்கும் கூலியை நகையை வைத்துக் கொடுத்தேன். அவர்கள் கூலியை ஒரு நாளும் நிறுத்த மாட்டேன். கொட்டை கொடுத்த பக்கத்துத் தோப்புக்காரர்கள் இதுவரை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது செய்துகொண்டிருப்பது இது. எங்கள் பட்டறைக்கு உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதற்கான அரசு இணையதளத்தில் மனு போட்டால் இப்படி நிற்கும் பணத்துக்கான நம் மாநிலக் கவுன்சில் விசாரிக்கும், வடக்கே ஓட வேண்டியதில்லை. மனு போட்டாயிற்று. இன்னொன்றையும் ஆடிட்டர் சொன்னார். 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், நம் பில்லை வைத்து அவர் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை (உள்ளீட்டு வரி வரவு) திருப்பிக் கட்ட வேண்டும். அதையும் குறிப்பிட்டுத்தான் நோட்டீஸ் போகிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன சொன்னாலும் லாரி ரசீது உங்கள் பேரில் இருக்கட்டும், முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு மாற்றிக் கொடுங்கள். திரையில் வரும் பச்சை எழுத்து பணம் ஆகாது. எத்தனை ரூபாய் பாதுகாப்பில் இருக்கிறது என்று தொகையைக் கேட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து மூடி வையுங்கள். டின்னை அடைக்கும்போது எண்ணுவதை, எடை போடுவதை, சீட்டு ஒட்டுவதை வீடியோ எடுங்கள். உத்யம் பதிவு இல்லாதவர்கள் உடனே பதியுங்கள், காசு கிடையாது.

அவசரமாக இதைப் போடுவதற்குக் காரணம் இன்னொன்று. நேற்று என் தங்கை வீட்டுக்காரர் தன் கணக்கிலிருந்து பார்த்தபோது, அதே ஆள் அதே பச்சைக் குறியோடு 240 ரகம் 500 கிலோ கேட்டு விசாரணை போட்டிருக்கிறார். விலையும் உள்ளூர் விலையை விட நல்லா கூடவே சொல்லியிருக்கிறார். பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம் பக்கம் யாருக்காவது இப்படி ஒரு விசாரணை வந்திருந்தால், சரக்கை ஏற்றுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி நான்கு எழுத்தைச் சொன்னால் போதும், அதே ஆளா என்று சொல்லிவிடுகிறேன்.