ஹாலோ பாயிண்ட் தோட்டா: நீளமா, குட்டையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குட்டைக் கட்சி. சொந்தமாகத் தோட்டா ஏற்றுபவர்கள், அதாவது பித்தளைக் கேஸில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே தோட்டா செய்பவர்கள், நுனியில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டுக்கு வந்ததும், தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு என்பதில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். சேம்பரும் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) மேகஸினும் இடம் கொடுக்கிற வரைக்கும் நீளமாக விட்டால்தான் சிக்காமல் ஏறும் என்பது ஒரு பக்கம். குண்டு தயாரித்தவர் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவு, அது பார்க்கக் கட்டையாக இருந்தாலும், அதுதான் சரி என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஏற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவது பக்கம் வந்து உட்கார்ந்தவன் நான். நான் அதிகம் ஏற்றியது 9×19 (9 எம்.எம். என்று சொல்வதும் இதைத்தான்), அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். அதைவிடப் பருமனான .45 ஏ.சி.பி. தோட்டா பற்றியும் கொஞ்சம் சொல்வேன், அதில் என் அனுபவம் கம்மி. மருந்து அளவு எதுவும் இங்கே கிடையாது, அதற்குக் கையேடு இருக்கிறது. சட்டமும் உரிமமும் உங்கள் பொறுப்பு.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். 9×19 தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு 29.69 மி.மீ., அதாவது 1.169 அங்குலம். தோட்டா அளவுகளை வரையறுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஐரோப்பாவின் சி.ஐ.பி. இரண்டும் இதே எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. இதற்கு மேல் போனால் மேகஸினில் உரசும். ரவுண்ட் நோஸ் குண்டு போட்டால் 1.150 அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், சண்டையே வராது. சண்டை ஹாலோ பாயிண்டில்தான்.

காரணம் மூக்கின் வடிவம். ரவுண்ட் நோஸ் முட்டையின் கூர்முனை மாதிரி என்றால், ஹாலோ பாயிண்ட் அதே முட்டையின் தலையைச் சீவிவிட்டது மாதிரி. நுனியிலிருந்து கொஞ்சம் கீழே வந்தாலே குண்டு முழுப் பருமனுக்கு வந்துவிடுகிறது. ஆக, இரண்டையும் ஒரே மொத்த நீளத்துக்கு ஏற்றினால், ஹாலோ பாயிண்டின் தோள், அதாவது முழுப் பருமன் தொடங்கும் இடம், சேம்பருக்குள் இன்னும் முன்னால் போய் நிற்கும், ரைஃப்ளிங் (குண்டைச் சுழல வைக்கும் பேரலின் உள்வரிகள்) தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். நீளம் அளக்கிற காலிப்பரில் எண் ஒன்றுதான், பேரலுக்குள் நிலைமை வேறு.

நீளக் கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஒதுக்கிவிட முடியாது. கேஸுக்குள் இடம் அதிகம் கிடைப்பதால் அதே மருந்துக்கு அழுத்தம் குறைவு. மூக்கு ஃபீட் ராம்புக்கு (தோட்டாவைச் சேம்பருக்குள் ஏற்றிவிடும் சரிவு) பக்கத்திலேயே இருப்பதால் மேகஸினை விட்டுக் கிளம்பியதும் சீக்கிரம் ராம்பைத் தொட்டு மேலே திரும்பிவிடும், கீழே குத்திக்கொண்டு நிற்கிற வாய்ப்பு குறையும். மேகஸினுக்குள்ளும் முன்னே பின்னே ஆட இடம் இருக்காது. பழைய வடிவமைப்புகள் பலவும் ரவுண்ட் நோஸ் தோட்டாவை மனதில் வைத்து வந்தவை, அதன் நீளத்துக்குப் பக்கத்தில் இருப்பது அவற்றுக்குப் பிடிக்கும். குண்டு ரைஃப்ளிங்கைத் தொட ஓடுகிற தூரம் குறைந்தால் குறி நன்றாக விழும் என்றும் சொல்வார்கள். ரைஃபிளில் அதற்கு மதிப்பு உண்டு. கைத்துப்பாக்கியில், நான் சுடுகிற தூரத்தில், என் கைநடுக்கத்துக்கு முன்னால் அந்த வித்தியாசம் எடுபடுவதில்லை.

இத்தனையும் சரிதான் என்றாலும் நான் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரே காரணம், ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) முழுசாக மூடுவது. மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

9 எம்.எம். கேஸுக்கு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, அதனால் கேஸின் வாய் சேம்பருக்குள் இருக்கிற ஒரு சின்னப் படியில் போய் முட்டி நிற்கிறது. தோட்டாவின் இருப்பிடத்தை முடிவு செய்வது அந்தப் படி. குண்டு நீளமாக வெளியே இருந்து, கேஸின் வாய் படியைத் தொடுவதற்கு முன்பே குண்டின் தோள் ரைஃப்ளிங்கில் முட்டினால், ஸ்லைடு மயிரிழை பாக்கி வைத்து நின்றுவிடும். அப்போது ட்ரிகரை இழுத்தாலும் சுடாது. இல்லாவிட்டால் ஸ்லைடு தன் வேகத்தில் குண்டை ரைஃப்ளிங்குக்குள் இறுக்கிவிட்டு மூடிக்கொள்ளும், அது இன்னும் மோசம். சுட்டால் அழுத்தம் தேவையில்லாமல் எகிறும். சுடாமல் வெளியே எடுக்க ஸ்லைடை இழுத்தால் சில சமயம் கேஸ் மட்டும் வரும், குண்டு பேரலிலேயே தங்கிவிடும், மருந்து முழுக்க மேகஸினுக்குள் கொட்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ராம்பில் முட்டிய தோட்டாவை மேகஸினைத் தட்டி ஸ்லைடை இழுத்து இரண்டு நொடியில் சரிசெய்துவிடலாம், ரைஃப்ளிங்கில் இறுகிய தோட்டாவுக்குக் குச்சியும் பொறுமையும் வேண்டும். நம்பகத்தன்மைக்காகத்தான் இத்தனை பாடு என்றால், இரண்டு கோளாறில் எது தாங்கக்கூடியது என்று பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி இருக்கிறது. பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மருந்தும் இல்லாத கேஸ் ஒன்றை வழக்கம்போல் டை என்ற அச்சில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்து, வாயை விரித்து, குண்டை வேண்டுமென்றே நீளமாக உட்கார வைத்து, விரித்த வாயைக் கிரிம்ப் டையில் நேராக்கிவிடுங்கள். குண்டின் தோள் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். பேரலைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, வாய் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு தோட்டாவை உள்ளே விட்டு மெல்லத் திருப்பி வெளியே எடுங்கள். முட்டியிருந்தால் மையில் சின்னச் சின்னக் கீறல்கள் சம இடைவெளியில் தெரியும். ஆறு மேடு உள்ள பேரல் என்றால் ஆறு கீறல். ஒரே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேறு வைத்தியம். மை தேய்ந்திருப்பது கேஸின் வாயோரம் என்றால் கிரிம்பைப் பாருங்கள், நீளத்தைத் தொட வேண்டாம்.

பிறகு குண்டை உட்கார வைக்கும் சீட்டிங் டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தோட்டா தன் எடையிலேயே விழுந்து டொக்கென்று நிற்கும், விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலும், பேரலைக் கவிழ்த்தால் தானாகவே வெளியே வரும். மூன்றும் நடக்க வேண்டும். அந்த நீளத்தை எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து 0.015 அங்குலம், கிட்டத்தட்ட 0.4 மி.மீ. கழியுங்கள். அந்தப் பேரலில் அந்தக் குண்டுக்கு அதுதான் கூரை. வேறு பேரல், வேறு குண்டு என்றால் முதலிலிருந்து செய்ய வேண்டும். சி.இசட். 75 வகைத் துப்பாக்கிகளின் சேம்பரில் ரைஃப்ளிங் சீக்கிரமே ஆரம்பித்துவிடும் என்பது ஏற்றுபவர்களிடையே பிரசித்தம். க்ளாக் துப்பாக்கியில் தாராளமாக ஏறிய தோட்டா அதில் பாதியிலேயே நிற்பது சர்வசாதாரணம்.

0.4 மி.மீ. எதற்கு என்று கேட்பார்கள். ஹாலோ பாயிண்டின் வாய் ஒரே சீராக இருப்பதில்லை, பெட்டியில் குலுங்கி நசுங்கியது, குண்டின் மேலுறையான ஜாக்கெட்டின் வெட்டு ஏற்றத்தாழ்வாக வந்தது என்று பல இருக்கும். சீட்டிங் டையின் தண்டு குண்டின் தோளைப் பிடித்து அழுத்துகிறதா, வாய் விளிம்பை அழுத்துகிறதா என்பதையும் பொறுத்து நீளம் கொஞ்சம் ஆடும். அதோடு இரண்டு பெட்டி சுட்ட பிறகு சேம்பர் வாசலில் கரி படியும். சுத்தமான பேரலில் மயிரிழை தப்பி உள்ளே போகிற தோட்டா அழுக்கான பேரலில் போகாது. நீளக் கட்சிக்காரர்கள் பலரும் இந்தக் கூரையை ஒட்டியே ஏற்றுகிறார்கள். நல்ல நாளில் எல்லாம் ஓடும், கூடவே விட்டுக்கொடுக்க இடமே இல்லாமல் ஓடும்.

குட்டைக் கட்சியின் ஆபத்தைச் சொல்லாமல் போனால் அநியாயம். குண்டு கேஸுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். கேஸின் நீளத்தையும் குண்டின் நீளத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழித்தால் அது வந்துவிடும். கேஸ் 19.0 மி.மீ., குண்டு 14.6 மி.மீ. என்று வையுங்கள். மொத்தம் 28.5 என்றால் ஆழம் 5.1. மொத்தம் 27.0 என்றால் 6.6. வெளியே ஒன்றரை மி.மீ. என்பது பெரிதாகத் தெரியாது, ஆனால் 9 எம்.எம். கேஸில் மருந்துக்கு இருக்கிற இடமே கொஞ்சம்தான், அதில் இது பெரிய பங்கு. 9 எம்.எம். குண்டை வேண்டுமென்றே 0.030 அங்குலம் உள்ளே தள்ளிச் சுட்டபோது அழுத்தம் 28,000 சி.யு.பி.யிலிருந்து (அழுத்தத்தை அளக்கும் ஓர் அலகு) 62,000க்குப் போனதாக ஸ்பியர் நிறுவனத்தின் கையேடு சொன்னது ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 0.030 அங்குலம் என்பது முக்கால் மி.மீ. மட்டுமே.

அதனால் நான் குட்டை என்று சொல்வது இஷ்டத்துக்குக் குட்டை இல்லை. அந்தக் குண்டுக்கு அதைச் செய்தவர் கொடுத்த நீளம், அந்த நீளத்துக்கு அவர் கொடுத்த மருந்து அட்டவணை. அழுத்தத்தை அளந்து பார்த்து எழுதியது அது, இரண்டும் ஒரு ஜோடி, பிரிக்கக் கூடாது. ஹார்னடி நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. என்ற 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஹாலோ பாயிண்ட் குண்டுக்குக் கையேடு 1.060 அங்குலம் என்கிறது. ரவுண்ட் நோஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அச்சாகிப் போன பிழை மாதிரி தெரியும். பிழை இல்லை, அந்த மூக்கின் வடிவம் அப்படி. அதே எடையில் வேறொருவர் செய்த குண்டை எடுத்துக்கொண்டு இந்த 1.060ஐ அதற்குப் போட்டால், குண்டு நீளமாக இருக்கும் பட்சத்தில் அடிப்பகுதி இன்னும் ஆழம் போய் உட்காரும். எடை ஒன்றாக இருப்பதால் நீளமும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கூரை கையேட்டு நீளத்தை விடக் கீழே வந்துவிட்டால் மருந்தைத் தொடக்க அளவுக்கும் கீழே இறக்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அல்லது வேறு குண்டு பார்க்க வேண்டும். நானாக இருந்தால் வேறு குண்டுதான். 147 கிரெய்னில் இது இன்னும் உறைக்கும், நீளமான குண்டின் அடி கேஸ் சுவர் தடிக்கிற இடத்துக்குப் போய் வெளியே புடைப்பாகத் தெரியும், அந்தப் புடைப்பே சேம்பரில் உரசும்.

இன்னொரு விஷயமும் குட்டைக்குச் சாதகம். ராம்பில் மோதும்போது குண்டு உள்ளே நகர்ந்துவிடுகிற பயம் எப்போதும் உண்டு. ஹாலோ பாயிண்டின் தட்டையான மூக்கு ரவுண்ட் நோஸை விடக் கடுமையாக மோதும். குண்டின் உடம்பு கேஸுக்குள் அதிகம் இருந்தால் பிடிப்பும் கொஞ்சம் அதிகம். ஆனால் இதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். மருந்தில்லாத தோட்டாவின் நீளத்தை அளந்து, குண்டின் மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் மேகஸினில் போட்டு ஸ்லைடைப் பின்னால் இழுத்து முழு வேகத்தில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். நகர்ந்திருந்தால் கிரிம்பை இறுக்கத் தோன்றும், அது தீர்வு இல்லை. பிடிப்பைக் கொடுப்பது கேஸின் சுவர், அதை முடிவு செய்வது சைசிங் டையும் வாயை எவ்வளவு விரிக்கிறோம் என்பதும். கிரிம்ப், விரித்த வாயை நேராக்குவதற்கு மட்டும். வாயோரம் 0.378 அங்குலம் அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் குண்டு நசுங்கும், பித்தளை கொஞ்சம் திரும்பி விரியும், இருந்த பிடிப்பும் போகும்.

.45 ஏ.சி.பி.க்கு வந்தால் என் குரல் இறங்கிவிடும். 1911 துப்பாக்கி 230 கிரெய்ன் ரவுண்ட் நோஸுக்காகவே வந்தது, உச்சவரம்பு 1.275 அங்குலம். பழைய ராம்ப் உள்ளவற்றில் ஹாலோ பாயிண்டைக் கொஞ்சம் நீளமாக, 1.220, 1.230 என்று வைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறுவதும், 1.200க்கு வந்தால் முரண்டு பிடிப்பதும் நானே பார்த்தது. பெரிய கேஸ், அழுத்த வரம்பும் 21,000 பி.எஸ்.ஐ. மட்டுமே (9 எம்.எம்.முக்கு 35,000), அதனால் ஆழம் கொஞ்சம் மாறினாலும் 9 எம்.எம். அளவுக்குப் பயமில்லை. அங்கே நீளக் கட்சிக்கு என் ஓட்டு போகலாம். ஆனால் நான் பார்த்தது இரண்டு மூன்று துப்பாக்கிகளை வைத்துத்தான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சிக்கிய தோட்டாவே சொல்லும். மூக்கு ராம்பின் அடியில் குத்தி நின்று, ஹாலோ வாயின் கீழ்ப்பக்கம் நசுங்கியிருந்தால் நீளம் போதவில்லை என்று சந்தேகப்படலாம், அதற்கு முன்பே மேகஸினைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் மேல் உதடுகள் விரிந்தாலும் இதே அடையாளம்தான் வரும், வேறு மேகஸின் போட்டுப் பார்த்தால் பாதிச் சிக்கல்கள் அங்கேயே முடிந்துவிடும். ஸ்லைடு மில்லிமீட்டர் கணக்கில் மூடாமல் நின்று, தோட்டாவை எடுக்கவே பலம் வேண்டியிருந்தால் நீளம் அதிகம், அல்லது கேஸின் வாய் சரியாக நேராகவில்லை.

சுட்டுப் பார்க்கும்போது, நிரம்பிய மேகஸினின் முதல் தோட்டாவையும் கடைசித் தோட்டாவையும் தனியாகக் கவனியுங்கள். முதலாவது மேல் உதடுகளில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு கிளம்புகிறது, கடைசி தளர்ந்த ஸ்பிரிங்கோடு கிளம்புகிறது, நடுவில் இருப்பவை எப்படிப்பட்ட நீளத்தையும் மன்னித்துவிடும். கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தும் சுடுங்கள், ஒரு கையிலும் சுடுங்கள். துடைக்காத பேரலில், இரண்டு பெட்டிக்கு அப்புறம், அந்த இரண்டு தோட்டாவும் தயங்காமல் ஏறினால் டையின் பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டு, அந்த நீளத்தில் ஒரு மருந்தில்லாத தோட்டாவைக் குண்டுப் பெட்டியிலேயே போட்டு வைத்துவிடுவேன், அடுத்த முறை டையை அதை வைத்தே திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.