எப்பாக்சி டம்ளர்: கிளிட்டரா, ஆல்கஹால் மையா?

எஃகு டம்ளரை எப்பாக்சி ரெசின் (இரு திரவங்களைக் கலந்தால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) பூசி அலங்கரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தயங்குவது, கிளிட்டர் எனும் மினுமினுப்புத் தூளைத் தூவுவதா, ஆல்கஹாலில் கரைந்த வண்ணமான ஆல்கஹால் மையைப் படரவிடுவதா என்பதில்தான்.

செலவு
கிளிட்டர்: தூள் மலிவானதே, எனினும் அதன் சொரசொரப்பை மூட 2 அல்லது 3 பூச்சு ரெசின் தேவைப்படுவதால் செலவு அங்கே ஏறிவிடுகிறது.
மை: சில சொட்டுகளே போதும், ரெசினும் குறைவாகவே செலவாகும்.

உழைப்பு
கிளிட்டர்: பசை தடவித் தூவி, உதிர்வதைத் தட்டிவிட்டு, ரெசின் இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூச வேண்டும். தூள் வீடு முழுவதும் பரவுவது தனிக்கதை.
மை: வெள்ளை அடிப்பூச்சின் மீது விட்டால் நிமிடங்களில் உலர்ந்துவிடும், ஆனால் அதன் மேல் பாதுகாப்புப் பூச்சைத் தெளிக்காமல் ரெசினை ஊற்றினால் நிறங்கள் கலங்கிவிடக்கூடும். பிடிக்காத வடிவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க முடிவதே இதன் பெரிய அனுகூலம். இறுகிய கிளிட்டரில் அந்தச் சலுகை இல்லை.

நீடிப்பு
ஆல்கஹால் மைகளில் பெரும்பாலானவை சாயத்தால் ஆனவை என்பதால் வெயிலில் வெளிறும். இதில் கிளிட்டரே மேல்.

எதைத் தேர்ந்தாலும் டம்ளரின் வாய் விளிம்பில் ரெசின் படாமல் விடுவதும், நைட்ரைல் கையுறை அணிந்து காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும் அவசியம். வெளியில் எடுத்துச் செல்லும் டம்ளருக்குக் கிளிட்டரையும், நிழலில் வைத்துப் பயன்படுத்தும் பரிசுப் பொருளுக்கு மையையும் பரிந்துரைப்பேன்.