நோக்கோல் புழுவுக்கு பீ.ரி. தூள்: மருந்து நல்லது, கடைக்காரர் சொன்னதுதான் பிழை

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் சாடிகளில் நோக்கோல், வெண்டி, தக்காளி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நோக்கோல் இலையைப் புரட்டினால் அரிதட்டு மாதிரி ஓட்டை, அடியில் பச்சை நூல் துண்டு போலச் சின்னப் புழுக்கள், தொட்டால் துள்ளிக்கொண்டு இழை விட்டுத் தொங்குகின்றன.

வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது, இரசாயனம் வேண்டாம் என்று பீ.ரி. தூள் ஒரு பைக்கற் வாங்கினேன். பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பற்றீரியாதான் அது, 1901இல் ஜப்பானில் செத்த பட்டுப்புழுக்களில் முதலில் கண்டார்களாம். கடைக்காரர் "எல்லாப் பூச்சிக்கும் அடிக்கலாம் தங்கச்சி" என்றார். அங்கேதான் பிழை.

முதல் தடவை காலை ஒன்பது மணிக்கு அடித்தேன். சுள்ளென்ற வெயில், பின்னேரம் மழை. ஒன்றும் நடக்கவில்லை, காசு போச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு வாசித்துப் பார்த்தால் வெயில் பட்டால் இது சீக்கிரம் செயலிழந்துவிடும், மழையும் கழுவிவிடும். சரி என்று மழையில்லாத ஒரு நாள் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். மறுநாளும் புழு உயிரோடுதான் இருந்தது, ஆனால் ஓட்டை கூடவில்லை. மூன்றாம் நாள் கறுத்துத் துவண்டு இலையில் ஒட்டிக் கிடந்தன. கொஞ்சம் பெரிய புழுக்கள் தப்பிவிட்டன, அவற்றைக் கையால்தான் பொறுக்கினேன்.

பக்கத்து வீட்டு அன்ரி "கிருமியையா கறிக்கு அடிக்கிறாய்?" என்று பதறிவிட்டார். புழு இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும், அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில்தான் இந்தப் பற்றீரியாவின் புரதம் கரைந்து நஞ்சாகிக் குடலை ஓட்டையாக்கும், எங்கள் இரைப்பையில் இருப்பதோ அமிலம், அதோடு அந்தப் புரதம் பிடிக்கிற இடமும் எங்கள் குடலில் இல்லை என்று விளக்கினேன். நம்பினாரோ தெரியாது, நோக்கோல் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெண்டியில் மொய்த்த அழுக்கணவனுக்கு இது துளியும் சரிவரவில்லை. அது சாறு உறிஞ்சுகிற பூச்சி, இலையைக் கடித்துத் தின்னாதே! சவர்க்காரத் தண்ணீர்தான் கை கொடுத்தது. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவுக்கும் மருந்து எட்டாது. பீ.ரி.யிலும் வகைகள் உண்டு: வாங்கும்போது பைக்கற்றில் குர்ஸ்டாக்கி என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் இலை தின்னும் புழுவுக்கு; இஸ்ரேலென்சிஸ் என்றால் அது நுளம்புக் குடம்பிக்கு.

தூளுக்கு ஐந்துக்கு நாலு. கடைக்கு ஒன்றரை, அதுவும் மிச்சக் காசைச் சரியாகத் தந்ததற்காக.