சாரைப் பஞ்சாயத்து: அடிப்பதா, பிடித்துக் கொடுப்பதா, விரட்டுவதா, இருந்துவிட்டுப் போகட்டுமா?

மதுரையைச் சுற்றிப் புதிதாக மனை பிரித்த எந்த நகரிலும் இந்தத் தகராறு ஒருமுறையாவது நடந்திருக்கும். ஊமச்சிகுளம் பக்கம், திருமங்கலம் சாலை, நாகமலை புதுக்கோட்டைக்கு அங்கிட்டு என்று எங்கேயும். போன தலைமுறை வரை கண்மாய்ப் பாசன வயல். இன்றைக்குப் பாதி மனையில் வீடு, மீதி மனையில் சீமைக்கருவேலம். அந்த மனைக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். காலை பதினோரு மணி வெயிலில் ஏழடிச் சாரை ஒன்று காம்பவுண்டு ஓரம் சரசரவென்று ஓடும். அதோடு தெருவே கட்சி கட்சியாகப் பிரிந்துவிடும்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் ஒரு கட்சி. "நல்லதா கெட்டதான்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? பாம்புன்னா பாம்புதேன். கம்ப எடுத்தமா, அடிச்சுப் போட்டமான்னு இருக்கணும்." பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு கட்சி. "அடிக்கல்லாம் வேணாம் தம்பி, பாவம். ஃபயர் சர்வீஸுக்குச் சொன்னா வந்து பிடிச்சுட்டுப் போயிருவாங்கள்ல?" மாடிவீட்டுத் தாத்தா பூண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் போதும் என்கிறார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பது என் கட்சி.

நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கப் போகிறேன். இதைச் செய்தபிறகு, ராத்திரி கரண்ட் போன நேரத்தில் கொல்லைப்பக்கம் கால் வைக்கிறவருக்கு ஆபத்து குறையுமா, குறையாதா? பாவ புண்ணியம், சட்டம், சுற்றுச்சூழல் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், அது சாரைதானா?

இதைத் தீர்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. சாரைக்குக் கண் பெரிது, பாப்பா வட்டம். உதட்டோரம் கறுப்புக் கோடுகள் நெட்டுக்குத்தாக இருக்கும். நிறத்தை நம்பவே முடியாது. மஞ்சள், ஆலிவ் பச்சை, பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு என்று எப்படியும் இருக்கும். உடம்பின் பின்பாதியில் கறுப்பு வரிகள் வலை மாதிரி தெரியும். பகலில் இரை தேடும், ஆளைக் கண்டால் ஓடும். ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டினால் கழுத்தை உப்பவைத்து 'உர்ர்' என்று உறுமும். அந்த உறுமலைக் கேட்டுத்தான் பாதிப்பேர் அதை விஷப்பாம்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விஷம் துளியும் கிடையாது. கடித்தால் தோல் கிழிந்து ரத்தம் வரும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கல் எங்கே என்றால், படம் எடுக்காமல் ஓடுகிற நல்ல பாம்பும் தூரத்துக்குச் சாரை மாதிரியேதான் தெரியும். அதனால் 'இது சாரைதேன், நமக்குத் தெரியாதா' என்று வாலைப் பிடித்துத் தூக்குகிற வீரர்களையும் எண்ணிப் பயப்படுகிறேன். பத்தடி தள்ளி நின்று, செல்போனில் ஜூம் செய்து ஒரு படம். தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்பது. அதற்கு மேல் யாரும் கிட்டே போக வேண்டியதில்லை.

அடித்துப் போடுவது

அண்ணனின் பயத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். தமிழ்நாடு அரசே 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கைக்குழந்தை தவழ்கிற வீட்டில் "பயப்படாதீங்க" என்று சொல்வது சுலபம். கேட்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் அந்தச் சாவுகளில் மிகப் பெரும்பங்கு நான்கு பாம்புகளால் வருபவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை அந்தக் கணக்கில் வராது. அடிக்கப் போகும்போதுதான் மனிதர் கம்பு நீளத்துக்குப் பாம்பின் பக்கம் போகிறார். அது சாரையாக இருந்தால் லாபம் ஒன்றுமில்லை. சாரையாக இல்லாமல் போனால், ஓடிப்போயிருக்கக்கூடிய நல்ல பாம்பைத் திருப்பி நம் மேலேயே ஏவிவிட்டதுபோல் ஆகும். என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இந்த வழிக்குப் பூஜ்யம்கூட இல்லை, மைனஸ்தான். சாரை போய்விடும், அது தின்றுகொண்டிருந்த எலி அங்கேயே இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருஷத்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சாரை பாதுகாக்கப்பட்ட உயிரினம். அடிப்பது குற்றம், சிறைவரை போகலாம். அடித்துவிட்டுச் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறவர் தன் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாக்குவாதத்தைச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "கேஸாயிரும்ண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன், "யாரு போய்ச் சொல்லுவா? நீங்களா?" என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு சாரை பின்னிக்கொண்டு நிமிர்ந்து நின்றால், 'நல்ல பாம்பும் சாரையும் பிணையுது' என்று வெள்ளை வேட்டியை மேலே போட்டு எடுத்து பீரோவில் வைக்கிற ஊர் இது. அங்கே பிணைவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடப்பது மல்லுக்கட்டு, கல்யாணம் இல்லை. ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறோம். வாயில் வாலைக் கவ்வி வளைந்து மதுரைக்கு எல்லை காட்டியதே ஒரு பாம்புதான், அதனால்தான் ஆலவாய் என்கிறது திருவிளையாடல். அதே புராணத்தில் சமணர் வேள்வியிலிருந்து ஏவிய நாகத்தைப் பாண்டியன் அம்பெய்து வீழ்த்துகிறான். அது கிடப்பதுதான் நாகமலை என்பார்கள். ஆக, கும்பிடுகிற கட்சியும் அடிக்கிற கட்சியும் இந்த ஊருக்குப் புதுசில்லை.

பிடித்துக் கொடுப்பது

அக்காவின் யோசனை கேட்க நியாயமாக இருக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்டால் இதைவிடச் சரியான வழியும் கிடையாது. கதவைச் சாத்தி, இடுக்கில் துணியை அடைத்து, கண்ணை எடுக்காமல் ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ள, 101-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையினர் இடுக்கியும் பையுமாக வருவார்கள். காசு கிடையாது. பிடித்ததை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவார்கள். தனியாகப் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுவதானால் வனத்துறை அனுமதி பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பாம்பைச் சுற்றிக்கொண்டு வீடியோவுக்குப் பேசுகிற ஆசாமி வேண்டாம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவர் பாம்பு பிடிக்கும் தொழிலுக்காகவே 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பரம்பரை பரம்பரையாகக் கற்றுக்கொண்ட வேலை அது, நாலு வீடியோ பார்த்து வருவதில்லை.

காலி மனையில் ஓடுகிற சாரைக்கு இது பொருந்தாது. வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் அது மூன்று மனை தாண்டியிருக்கும். வந்தவர்கள் புதரைக் காட்டி "எங்கம்மா?" என்பார்கள், நாமும் புதரைக் காட்டுவோம். தப்பித்தவறிப் பிடிபட்டாலும், தெரியாத இடத்தில் விடப்பட்ட பாம்புகள் இரையும் பொந்தும் தேடி அதிகம் அலைகின்றன, பிழைப்பது குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இங்கிட்டு மனையில் எலி இருக்கிறவரை வேறொரு பாம்பு வரத்தான் செய்யும். அது சாரையாகத்தான் வரும் என்று யார் உறுதி சொல்வது?

பூண்டு, பினாயில், ஆகாசகருடன், வலை

சுருக்கமாக முடித்துவிடலாம். பூண்டுத் தண்ணீர், பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் பாம்பை நிறுத்தாது. ஒரு மழைக்கோ ஒரு வெயிலுக்கோ வாசமும் போய்விடும். வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டுவது, சிறியாநங்கை வளர்ப்பது எல்லாம் மனத்திருப்திக்கு. கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி இருட்டில் செருப்பில்லாமல் நடந்தால் கெடுதல்தான். கார்பாலிக் ஆசிட் ஊற்றுவது பாம்பைவிடப் பிள்ளைகளுக்கும் நாய்க்கும்தான் ஆபத்து.

வலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோழி வராமல் கீரைப்பாத்தியைச் சுற்றிக் கட்டிய நைலான் வலையில் சாரை மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். தலை ஒரு கண்ணியில் போய்விட்டது, உடம்பின் தடித்த பகுதி போகவில்லை. செதில் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பின்வாங்கவும் வழியில்லை. முன்னால் தள்ளத் தள்ள நூல் செதிலுக்கு அடியில் இறங்கி, தோல் வெளுத்து ரத்தம் கசிந்தது. நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் இதே கதிதான். அப்போது வேலியில் வலியோடு தொங்குவது விஷப்பாம்பு. காலையில் கீரை பறிக்கக் கை நீட்டுவது நம் வீட்டு ஆள். பாம்புக்கென்று நைலான் வலை கட்டுவதைப்போல மோசமான யோசனை வேறில்லை.

விட்டுவிடுவது

என் கட்சிக்காரர்களும் கொஞ்சம் அளந்துதான் விடுகிறார்கள். 'சாரை இருந்தா நல்ல பாம்பு அண்டாது' என்பது அதில் ஒன்று. அண்டும். இரண்டுக்கும் எலி வேண்டும், ஒரே மனையில் இரண்டும் இருக்கலாம். 'எலியை அடியோட ஒழிச்சுரும்' என்பது இன்னொன்று. ஒரு பாம்பு தினமும் சாப்பிடாது. எலி குட்டி போடுகிற வேகத்துக்கு ஒற்றைச் சாரை ஈடுகொடுக்காது. எலியைக் குறைக்கும், அவ்வளவுதான். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தில் பரவுகிற ஊரில் அந்த 'அவ்வளவு' சும்மா இல்லை.

அதனால் வெறுமனே விட்டுவிடுவதும் என் கேள்வியில் முழு மார்க் வாங்காது. விட்டுவிட்டு, எலியைக் கவனித்தால்தான் வாங்கும். எங்கள் தெருவில் எலி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது வழி அண்ணனின் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. தவிட்டு மூட்டை தரையோடு கிடந்தது. மூட்டையின் அடியில் விரல் நுழையும் ஓட்டை, அதிலிருந்து சுவரோரம் சிந்தின தவிடு கோடு போட்டமாதிரி ஒரு வளைக்குள் போனது. மூட்டையைத் தகர டிரம்மில் கொட்டி மூடினாலே பாதி வேலை முடிந்தது. மீதி: கழிவுநீர்க் குழாய் வாயில் ஜல்லடை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, வீட்டை ஒட்டி அடுக்கிய செங்கல், விறகு எல்லாவற்றையும் தள்ளிவைப்பது. எலி மருந்து வைக்காதீர்கள். செத்த எலியைத் தின்னும் நாயும் ஆந்தையும்கூட அதில் போகும்.

காலி மனையைச் சுத்தம் செய்வதும் நல்லதே, செய்கிற முறையில் செய்தால். ஜேசிபியைக் கொண்டுவந்து மனையின் தூரத்து மூலையிலிருந்து வழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் வீட்டை நோக்கித்தான் ஓடும். வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போகச் சொல்லுங்கள். தீ வைக்க வேண்டவே வேண்டாம்.

ராத்திரிக்கு டார்ச்சும் செருப்பும். தரையில் படுக்காமல் கட்டில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலிகூடத் தெரியாது, விடிகாலையில் வயிற்றுவலி என்றுதான் எழுந்திருப்பார்கள். அந்தக் கடியைச் சாரையை அடித்தும் தடுக்க முடியாது, பூண்டு தெளித்தும் தடுக்க முடியாது. கொசுவலை தடுக்கும். எந்தக் கடியாக இருந்தாலும் கட்டுப்போடாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி.

தெருவில் எது செல்லுபடியாகும்

நான்கில் எது சரி என்று ஒரே தீர்ப்புச் சொன்னால் பஞ்சாயத்து முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அக்கா பேசுவது அடுப்படியை. நான் பேசுவது காலி மனையை. அண்ணன் பேசுவது பேரன் விளையாடுகிற வாசலை. இடத்தைப் பிரித்ததும் பேச்சு இறங்கி வந்தது: மனையில் ஓடினால் விட்டுவிடுவது, வாசலில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு அது போக வழிவிட்டு நிற்பது, போகாவிட்டால் போன் அடிப்பது, வீட்டுக்குள் வந்தால் கட்டாயம் 101. கம்பை எடுப்பதில்லை என்று அண்ணன் வாயால் சொல்லவில்லை; ஆனால் தகர டிரம் அவர் காசில்தான் வந்தது.

மிச்சம் இருப்பது கோழிக்குஞ்சு. சாரை குஞ்சையும் முட்டையையும் எடுக்கும், அதில் மறுப்புக்கே இடமில்லை, இரண்டு குஞ்சு போனது உண்மை. கூட்டுக்குக் கால் இஞ்ச் கண்ணுள்ள இரும்புக் கம்பிவலை அடித்து, தரையோரம் சிமெண்டில் புதைத்தால் பாம்பும் வராது, எலியும் வராது. அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் இப்போது பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "பாம்பு ஒங்க கட்சி, வலையும் ஒங்க செலவு" என்கிறார் அண்ணன். பாதி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.