ரிசீவருக்கு எது நல்லது: ஏஆர்சியா, ஆப்டிகலா?

டிவியின் ஒலியை, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குக் கொண்டுசெல்ல இரண்டு வழிகள். 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் கேபிள் எளிமையானது. செருகினால் பெரும்பாலும் பாடும். ஒளியாகச் செல்வதால் மின்கசிவு இரைச்சல் அதன் வழியே ஏறாது. ஆனால் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) டால்பி டிஜிட்டல் ஒலியோடு அதன் கொள்ளளவு தீர்ந்துவிடும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் அட்மாஸுக்கு இடமில்லை. ஒலியளவை டிவி ரிமோட்டால் மாற்றவும் பொதுவாக முடியாது.

இன்னொரு வழி, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் ஏஆர்சி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த இது, டால்பி டிஜிட்டல் பிளஸ் வழியாக அட்மாஸையும் கடத்தும். பின்னர் வந்த அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி, சுருக்கப்படாத 7.1 ஒலியையே தாங்கும். உதடசைவுக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியையும் தானே சரிசெய்யும்.

தொல்லையும் ஏஆர்சியில்தான் அதிகம். திடீரென ஒலி நின்றால், கேபிள் ஏஆர்சி என்று குறித்த துளையில்தான் இருக்கிறதா, இரு கருவிகளிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டின் மின்செருகியையும் பிடுங்கிச் சில நிமிடங்கள் கழித்துச் செருகுங்கள். ரிசீவர் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படுபவற்றில் சில இதிலேயே பிழைத்துவிடும்.

ஆப்டிகலில் வழக்கமான புகார் ஒன்றே: பின் ஸ்பீக்கர்கள் ஊமையாக இருப்பது. டிவியின் ஒலி அமைப்பில், ஆப்டிகலில் இரண்டு ஸ்பீக்கர் ஒலியை மட்டுமே தரும் பிசிஎம்மை விடுத்து டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

இஏஆர்சி இரு கருவிகளிலும் இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், அதையே எடுப்பேன். பழைய ஏஆர்சி அடிக்கடி முரண்டு பிடித்தால், அட்மாஸை மறந்து ஆப்டிகலுக்கு மாறுவதே நிம்மதி.