வைக்கோல்: மாட்டுக்கா, மண்ணுக்கா, எருக்குவியலுக்கா?

மாடும் பயிரும் சேர்ந்த சிறு பண்ணையில் மண்வளப் பேச்சு எங்கே தொடங்கினாலும், அறுவடை முடிந்து கிடக்கும் தாளை என்ன செய்வது என்பதில்தான் வந்து நிற்கும். மண்மேல் பரப்பி மூடாக்கு போடச் சொல்பவர், மட்க வைக்கச் சொல்பவர், மாட்டுக்கு வேண்டும் என்பவர் என எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வைக்கோல் எல்லாவற்றுக்கும் போதாது.

ஓர் ஏக்கர் நெல்லில் சுமார் 2 டன் வைக்கோல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர் தீவனம் தின்னும். அதில் பாதிதான் வைக்கோல் என்றாலும், வருடத்தில் ஒன்றரை டன் அதற்கே போய்விடும். அந்த ஏக்கரை மூடாக்கால் 10 செ.மீ. கனத்துக்கு மூடவோ, சதுர மீட்டருக்கு 1 கிலோ வீதம் 4 டன் வேண்டும். அதாவது, இரண்டு ஏக்கர் வைக்கோல் ஓர் ஏக்கரைத்தான் மூடும். ஆகவே முழு நிலத்துக்கும் வைக்கோல் மூடாக்கு என்பது சிறு பண்ணையில் நடக்காது. காய்கறிப் பாத்தி, இளங்கன்றுகளின் அடி என இடம் பார்த்துப் போடத்தான் முடியும்.

அப்படிப் போடும் இடத்தில் மூடாக்குக்கு ஈடில்லை. மேல்மண் சுடாது, ஈரம் நிற்கும், மழைத்துளி நேராக அறைந்து மண்ணை இறுக்காது, களை பெருமளவு அடங்கும். மண்ணை நன்றாக நனைத்த பிறகே பரப்புங்கள். காய்ந்த மண்மேல் பரப்பினால் சிறுமழையை வைக்கோலே குடித்துவிடும். தண்டைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் தூர் அழுகும். நத்தையும் எலியும் கரையானும் தேடி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூடாக்கு போட்டால் பயிர் மஞ்சளிக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. வைக்கோலில் கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 60 முதல் 80க்கு 1. அது 30ஐத் தாண்டினால், மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். வைக்கோல் மேலே கிடக்கும்போது இது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். அதையே மண்ணோடு கலந்து உழுதுவிட்டு உடனே விதைத்தால்தான் இளம்பயிர் வெளிறும்.

எங்கள் தீர்ப்பில் வைக்கோலுக்கு முதல் இடம் மாட்டின் காலடி. மாடு தின்ற தழைச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கழிவாகவே வெளியே வருகிறது. அதில் பாதியளவு சாணத்தில் அல்ல, கோமியத்தில் இருக்கிறது. கோமியத்தில் உள்ள யூரியா சில நாட்களுக்குள் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். தொழுவத்துக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதென்றால் உரம் பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சாணத்தை மட்டும் கவனமாக அள்ளிச் சேர்ப்பவர்கள் இந்தப் பாதியைக் கோட்டை விடுகிறார்கள். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 2 முதல் 3 கிலோ காய்ந்த தாளைப் படுக்கையாகப் போட்டால் கோமியத்தை அது உறிஞ்சிப் பிடிக்கும். இதற்கு நல்ல வைக்கோல் தேவையில்லை. மாடு தின்னாமல் கழித்த அடித்தாளும் காய்ந்த சருகும் போதும். காலையில் நனைந்த பகுதியைச் சாணத்தோடு சேர்த்து அள்ளினால், கலவையின் கார்பன்-தழைச்சத்து விகிதம் தானாகவே 25 முதல் 30க்கு அருகில் வந்து நிற்கும். கொதிக்கும் எருக்குவியலுக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் குவியலை ஒன்றரை மீட்டர் அகலமும் உயரமுமாகப் போடுங்கள். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது. அடியில் ஒரு சாண் கனத்துக்குக் குச்சி பரப்பினால் காற்று புகும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஓடையாக ஒழுகினால் ஈரம் அதிகம். நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாமல் இருக்கும். 70ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிர்களும் சாகும், கிளறி ஆற்றுங்கள். கிளறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளிம்பில் சூடு ஏறுவதில்லை, அங்கே கிடக்கும் களை விதை உயிரோடு இருக்கும். இந்தூர் முறை எனப்படும் எரு தயாரிப்பில் 16ஆம் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம் என மூன்று முறை கிளறி, மூன்று மாதத்தில் எரு எடுப்பார்கள். அம்மோனியா நெடி வந்தால் காய்ந்த தாள் சேருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் மிஞ்சிக் காற்று போகவில்லை. உள்ளே வெள்ளைப் பொடி பூத்து உலர்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். மழைக்கு மூடி வையுங்கள். அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்தால் அது கொண்டுபோவது சாம்பல்சத்தை (பொட்டாசியம்).

மண்புழு உரத்தை இதற்குப் போட்டியாக நிறுத்துவது சரியல்ல. புழுவுக்குச் சூடு ஆகாது என்பதால் களை விதை அதில் சாகாது. புதுச்சாணத்தை அப்படியே போட்டால் சூட்டிலும் அம்மோனியாவிலும் புழு செத்துப்போகும். 15 முதல் 20 நாள் ஆறிய சாணம்தான் வேண்டும். நாற்றங்காலுக்கும் தொட்டிக் கலவைக்கும் அது அருமையான பொருள். வயல் முழுவதற்கும் என்றால் வேலை கட்டாது.

தொலைவில் உள்ள வயலுக்கு எருவைச் சுமப்பதைவிட, பச்சையாகவே உழுது மண்ணில் மட்க விடும் பயிரான பசுந்தாளை அங்கேயே வளர்ப்பது மேல். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 முதல் 50 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். புன்செய் நிலத்தில் மடக்கிய பின் 10 முதல் 15 நாள் விட்டு விதையுங்கள். ஆனால் இளம் பசுந்தாள் வேகமாகக் கரைந்துவிடும். தழைச்சத்து தரும், மண்ணில் நிலைக்கும் மட்கு அதிகம் சேர்க்காது. ஈரம் குறைந்த பருவத்தில் அடுத்த பயிரின் தண்ணீரையும் அது குடித்துவிடும். அப்போது எருதான் சரி.

ஆடுகளை இரவில் வயலிலேயே அடைத்து ஆட்டுக்கிடை போட முடிந்தால் எருவைச் சுமக்கும் வேலையே இல்லை. ஈரக் களிமண்ணில் மட்டும் வேண்டாம், குளம்பு பட்டு மண் இறுகும். மட்காத சாணம் விழுந்த நிலத்தில் பச்சையாகத் தின்னும் கீரை, காய் எடுப்பதென்றால், சாணம் விழுந்ததிலிருந்து அறுவடை வரை இடைவெளி வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதி, மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாளும் மற்றதற்கு 90 நாளும் கேட்கிறது.

வெளியிலிருந்து வைக்கோலோ சாணமோ வாங்கினால் ஒரு சோதனையைத் தவிர்க்காதீர்கள். அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் எருக்குவியலையும் தாண்டி உயிர்ப்போடு இருக்கும். அந்த எருவையும் மண்ணையும் சமமாகக் கலந்து மூன்று தொட்டியிலும், எரு சேராத மண்ணை மூன்று தொட்டியிலும் நிரப்பி அவரை விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் எருத்தொட்டிச் செடியின் குருத்திலை மட்டும் கிண்ணம்போல் சுருண்டால், அந்த எருவைக் காய்கறிப் பக்கம் கொண்டுபோகாமல் புல் வளர்க்கும் நிலத்தில் போடுங்கள்.